சொரிமுத்துவின் கைப்படம்

சொரிமுத்து சினிமாவில் நடித்தவர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "எங்கே, உங்களைக் காணோமே?" என்பார்கள். எப்படிக் காண்பார்கள்? அவர் முகம் படத்தில் இல்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகள் மட்டும் நாற்பத்திரண்டு வினாடி வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் வேலாயுதனின் ஹோட்டலுக்கு ஒரு மலையாளப் படக்கூட்டம் வந்து இறங்கியது. கதையில் நாயகன் புரோட்டா மாஸ்டர். பாவம், அந்தப் பையன் இரண்டு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தான். ஆனால் மாவு அவன் பேச்சைக் கேட்கவில்லை. வீசினால் கிழிந்தது, கிழியாத ஒன்று பறந்து போய் காமிராமேல் விழுந்தது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அனில் என்கிற உதவி டைரக்டர் நாயகனின் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி, ஹோட்டலின் நிஜ மாஸ்டரான சொரிமுத்துவுக்கு மாட்டிவிட்டு, "சேட்டன் வீசிக்கோ, முகம் எடுக்கில்லா, கை மட்டும்" என்றான்.

அன்றைக்கென்று பார்த்து, காலையில்தான் சூடான புரோட்டாக் கல்லில் பட்டு அவருடைய வலது சுண்டுவிரலில் கொப்புளம் போட்டிருந்தது. எண்ணெய் மாவு பட்டால் உயிர் போகும். அதனால் அந்த ஒரு விரலை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு வீசினார். நாற்பத்திரண்டு வினாடியும் விரல் அப்படியே நின்றது. டைரக்டர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டார், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

படம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதே தியேட்டரில் வேறு போஸ்டர். ஆனால் சில மாதங்களில் அது போனில் படம் காட்டும் ஒரு ஆப்புக்கு வந்து சேர்ந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஸ்ரீப்ரியா அதற்குக் 'கைப்படம்' என்று பெயர் வைத்தாள். சொந்த ஊரான அம்பாசமுத்திரத்திலிருந்து எந்த உறவுக்காரர் வந்தாலும் மனைவி பிரேமா காப்பி கொடுப்பதற்கு முன்னால் கைப்படத்தைக் காட்டிவிடுவாள். சொரிமுத்து கூச்சத்தில் வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். காது மட்டும் உள்ளேயே இருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹோட்டலில் நல்ல கூட்டம். வீசிய மாவு அவருடைய வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எண்ணெய் கூடிப்போச்சு என்று நினைத்தார். இரண்டாவதும் விழுந்தது. "என்ன அண்ணாச்சி?" என்று சப்ளையர் சுஜித் கேட்க, பதில் சொல்லப் பார்த்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

வேலாயுதன் கறாரான முதலாளி. பொரித்த கோழியில் ஒரு துண்டு கூடப் போய்விட்டால் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிற மனிதர். அவர் அன்றைக்குக் கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு, சொரிமுத்துவைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார். "நேரத்தோடு கொண்டுவந்தீர்கள்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காக, வேலாயுதன் இருக்கும் திசையைப் பார்த்துச் சொரிமுத்து பல நாள் கும்பிட்டிருக்கிறார். பிரேமா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பேச்சு திரும்பியது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க வந்தது. வலது கைதான் அடம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் விஷ்ணுப்ரியா ஒரு பச்சைப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள்.

"இதைப் பிடிச்சு நான் என்ன செய்ய? கிரிக்கெட்டா ஆடப் போறேன்?" என்றார் சொரிமுத்து.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "சேட்டா, கைக்குப் போற வழி மூளைக்கு மறந்துபோச்சு. முதல்ல கண்ணால காட்டணும், பின்னே கையால செய்யணும். நீங்க புரோட்டா போடற வீடியோ ஏதாவது உண்டோ?"

சொரிமுத்துவும் பிரேமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். நோய் வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அட்டக்குளங்கரைப் பக்கத்து அந்த வாடகை வீட்டில் கைப்படம் ஓடியது. ஸ்ரீப்ரியா கல்லூரிக்குக் கிளம்புமுன் படத்தைச் சரியாக ஒரு மணி பதினோராவது நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போவாள். சொரிமுத்து பார்ப்பார். மறுபடி பார்ப்பார். பிறகு நனைத்த துண்டைச் சமையல் மேடையில் விரித்து, ஓரத்தைப் பிடித்து வீசுவார். முதல் வாரம் துண்டு அசையக்கூட இல்லை. ஒரு மாதத்தில் தூக்க வந்தது. இரண்டாம் மாதம் சுவரெல்லாம் தண்ணீர், காலண்டரில் இருந்த முருகனுக்கு தினமும் அபிஷேகம். பிரேமா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. துடைத்துவிட்டு, "இன்னைக்கு நேத்தைய விட ஒசரமா போகுது" என்பாள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், திரும்பவும் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துண்டின் ஓரத்தைக் கவ்விப் பிடித்த அன்று, கல்லுக்கு முன்னால் நின்றுவிடலாம் என்று அவருக்கே தோன்றியது.

மறு வாரம் படம் காணாமல் போனது.

காலையில் போனைத் திறந்தால் அந்த இடத்தில் படம் இல்லை. இந்தப் படம் இனிமேல் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சொரிமுத்து போனை அணைத்துத் திறந்து பார்த்தார், அதே வரிதான்.

"ஏட்டி பிரேமா, நான் ரொம்பப் பார்த்துத் தீத்துட்டேனோ?" என்றார். அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் படம் தேய்ந்துபோயிருக்கும் என்று உண்மையாகவே பயந்தார்.

ஸ்ரீப்ரியாதான் விளக்கினாள். "அப்பா, அது ஆப்காரங்களோட சொந்தப் படம் இல்ல. இத்தன வருஷத்துக்குன்னு அக்ரிமெண்ட் போட்டு வாங்கிருப்பாங்க. தேதி கழிஞ்சா எடுத்துருவாங்க, அத்ரேதான்."

"சினிமாவும் வாடகை வீட்லதான் இருக்காக்கும்," என்றார் சொரிமுத்து.

அவள் ஆப்பிலேயே இறக்கி வைத்திருந்த பிரதியும் திறக்க மறுத்தது. வேறு ஆப்புகளில் தேடினாள். இல்லை. டிவிடி வந்ததே இல்லை. சட்டவிரோதமாகப் படம் விற்கிற இடங்களையும் தோழிகள் வழியாக விசாரித்தாள். திருடுகிறவன்கூட அந்தப் படத்தைத் திருடவில்லை. அனில் கொடுத்திருந்த நம்பர் இப்போது கொல்லத்தில் ஒரு வளையல் கடைக்காரரிடம் இருந்தது. இன்னொரு போனால் அந்த நாற்பத்திரண்டு வினாடியைப் பிடித்து வைத்திருக்கலாம்தான். இருக்கிறபோது யாருக்கு அது தோன்றும்?

சொரிமுத்து துண்டை மடித்து வைத்தார். "படத்துலதானே போச்சு? ஒங்க கை இங்கனதான இருக்கு," என்று பிரேமா சொல்லிப் பார்த்தாள். அவர் கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மூன்று வாரத்தில் விரல்கள் மறுபடி சுருள ஆரம்பித்தன.

போதாக்குறைக்கு, ஹோட்டலில் அவர் இடத்துக்கு வந்திருந்த செல்வமணியின் புகழ் கடைத்தெரு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. நாற்பது வயது, சங்கரன்கோவில்காரர். "அவரு வீச்சப் பாக்கவே ஆளு நிக்குது அண்ணாச்சி" என்று சுஜித் வெள்ளை மனதோடு வந்து சொல்லிவிட்டுப் போனான். சொரிமுத்துவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நோய் வந்ததிலிருந்து அவர் ஹோட்டல் பக்கமே எட்டிப் பார்க்காததற்குக் கால் காரணமில்லை, வயிற்றெரிச்சல்தான். அதை அவரே பிற்பாடு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் வேலாயுதன் போன் செய்தார். "நாளைக்கு நாலு மணிக்கு வாடே."

எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரியாதா? கணக்கைத் தீர்த்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பார். அவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது, நாமே சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகப் பாடம் பண்ணிக்கொண்டே போனார் சொரிமுத்து. 'அந்த ஆளையே நிரந்தரமா வச்சுக்கோங்க முதலாளி. என்னால இனி ஆகாது.'

கல்லில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. செல்வமணி வீச்சில் இருந்தார். சொரிமுத்து பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார், கண் கேட்கவில்லை. மாவு தட்டையாகி, பறந்து, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்து மேசையில் விழுந்தது. நல்ல கை. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த உருண்டையை எடுத்தபோது ஏதோ உறுத்தியது. செல்வமணியின் வலது சுண்டுவிரல் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வீச்சிலும்.

சொரிமுத்து பாடம் பண்ணி வந்ததை மறந்து மேசையருகே போனார்.

"தம்பி, விரல்ல ஏதும் காயமா?"

"இல்லையே அண்ணாச்சி."

"பின்ன ஏன் தூக்கி வச்சிருக்கீரு?"

செல்வமணி குரலைத் தாழ்த்தினார். "அதுலதான் சூட்சுமமே இருக்கு. அந்த வெரல எறக்குனா மாவு காத்துல நிக்காது."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. செங்கோட்டையில ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவிக்கிட்டு கெடந்தேன். அங்க மாஸ்டர் கல்லுப் பக்கம் அண்டவிட மாட்டாரு. அப்ப போன்ல ஒரு மலையாளப் படம் வந்துச்சு. அதுல ஹீரோ புரோட்டா போடுதான் பாருங்க, அம்மாடி! அந்த ஒரு எடத்த மட்டும் நிப்பாட்டி நிப்பாட்டி, துண்ட நனைச்சு வீசிப் படிச்சேன். என்ன கைங்கீங்க! அந்தப் பய நடிகனாப் பொறந்து வீணாப் போயிட்டான்."

கல்லாவில் இருந்த வேலாயுதன் எழுந்தேவிட்டார். அந்தப் படப்பிடிப்பு முழுவதையும் அதே இடத்திலிருந்து பார்த்தவர் அவர்.

"எந்தா செல்வமணி சொல்லுத? அது ஹீரோ கை இல்லடே! ஒனக்கு முன்னால நிக்காம்லா, இவன் கை!"

செல்வமணி நம்பவில்லை. சொரிமுத்து கொப்புளத்தின் கதையைச் சொன்னார். காலையில் கல்லில் பட்டது, எண்ணெய் எரிந்தது, அதனால் விரலைத் தூக்கியது. சொல்லச் சொல்ல செல்வமணியின் முகம் போன போக்கைப் பார்த்துச் சுஜித் வாயைப் பொத்திக்கொண்டான். எட்டு வருடம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சூட்சுமம் ஒரு தீக்காயம்! செல்வமணி விரலை இறக்கி ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். மாவு நடுவில் கிழிந்தது. விரலை மறுபடி தூக்கிக்கொண்டார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சொரிமுத்துவின் சுருண்ட வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்துப் பார்த்தார். "இந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது அண்ணாச்சி" என்றார். சொரிமுத்துவுக்கு அழுகை வந்தது. கடை நடுவில் நின்று அழுதார், வெட்கப்படவில்லை. பொறாமையில் பொசுங்கிய நாட்களெல்லாம் தன் கையைப் பார்த்தா பொசுங்கினோம் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது.

வேலாயுதன் கூப்பிட்டது வேறு காரியத்துக்கு. படம் போன விஷயத்தை ஸ்ரீப்ரியா அவரிடம் வந்து சொல்லியிருந்தாள். "வீட்டுல இருந்து ஜன்னலப் பாத்தா கை வராது கேட்டியா. சும்மா வந்து இங்க இரு, வாசனையாவது ஏறட்டும்னு சொல்லத்தான் விளிச்சேன்," என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்குச் சொரிமுத்து ஈரத்துண்டோடு செல்வமணியின் வலது பக்கம் நின்றார். செல்வமணி மெதுவாக வீசுவார். கேட்டால் நிறுத்துவார், கேட்டால் திரும்பவும் செய்வார். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. இதை எடுத்துவிட எந்த ஆப்பும் தேதி குறிக்க முடியாது. இரண்டு மாதம் துண்டு, அப்புறம் மாவு. எத்தனை கிழிந்தது என்று யாரும் எண்ணவில்லை. வேலாயுதன்கூட.

ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒன்று கிழியவில்லை. வட்டமாக இல்லை, கோழிமுட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டுபோய் விழுந்தது, ஆனால் முழுசாக விழுந்தது. சுஜித்தான் முதலில் பார்த்தான். "அண்ணாச்சி, உங்க விரல்!"

சொரிமுத்து குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் தூக்கிக்கொண்டு நின்றது. அதில் கொப்புளமும் இல்லை, எரிச்சலும் இல்லை. செல்வமணியைப் பார்த்துப் படித்த கை, வேறு எப்படி நிற்கும்?

இப்போதும் அவரால் ஒரு மாலைக்கு இருபது இருபத்தைந்துக்கு மேல் முடியாது. அதற்குமேல் கை கனக்கும், செல்வமணி வாங்கிக்கொள்வார். இருபதே பெரிது என்பார் சொரிமுத்து. அன்றைக்கு அந்த முதல் புரோட்டாவை வேலாயுதனும் கேட்டார், விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த பிரேமாவும் கேட்டாள். சொரிமுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. அதைச் சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டுச் சிவக்க எடுத்து, இரண்டு கையாலும் அடித்துப் பொலபொலவென்று ஆக்கி, ஒரு இலைத்துண்டில் வைத்துச் செல்வமணியிடம் நீட்டினார்.

"சாப்பிடும் தம்பி," என்றார். "உம்ம கைதான்."