டீகா நாளில் வந்த நேர்காணல்

சிட்னியின் ராக்டேலில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால், கணக்கியல் படித்த நேபாளி ஒருவர் தலையில்தான் விழும். நானும் அதைப் படித்தவள்தான். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. என் வீட்டு மாடியறையில் குடியிருந்த சிர்ஜனா பட்டராய்க்கு மட்டும், படிப்புக்கேற்ற நாற்காலியில் உட்கார்ந்தே தீருவது என்ற வைராக்கியம்.

அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்து, சோறு வேகிற நேரத்திலும் கைப்பேசியில் மின்னஞ்சல் பார்ப்பாள். எல்லா விண்ணப்பத்துக்கும் ஒரே பதில், உள்ளூர் அனுபவம் இல்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? விசா ஜனவரியோடு முடிகிறது. அதற்குள் கணக்கர் வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். கணவன் மேகராஜ் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன், கிடங்கில் பெட்டி தூக்குகிறான். "நீ பாஸானா நானும் பாஸு" என்று கேலி செய்வான். அது அவளை இன்னும் அரிக்கும்.

ஒருவழியாகப் பாரமட்டாவில் ஓர் அலுவலகம் நேர்காணலுக்கு அழைத்தது. அன்று பார்த்து எங்கள் தசைன் பண்டிகையில் பெரியவர்கள் நெற்றியில் டீகா வைத்து வாழ்த்தும் நாள். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை, வீட்டில் மூத்தவள் நான். அரிசியையும் தயிரையும் சிவப்புப் பொடியோடு பிசைந்து, அவள் நெற்றி நிறைய அப்பி வாழ்த்தி அனுப்பினேன்.

ரயில் ஏறியதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பட்டிக்காடு என்று நினைத்துவிட்டால்? இறங்கியதும் நிலையக் கழிப்பறையில் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அரிசி போயிற்று, சாயம் போகவில்லை. தேய்த்த இடம் கன்றி, அசல் ரத்தக்காயம் போலவே ஆகிவிட்டது.

நேர்காணல் செய்யவேண்டிய ஹெதர் அம்மாள் பார்த்ததுமே பதறி, என்ன அடி என்று கேட்டாராம். இவள் கதவு இடித்துவிட்டது என்று புளுகியிருக்கிறாள். அவ்வளவுதான். ஐஸ் வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள். தலைக்காயத்தோடு விளையாடக்கூடாது, முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு பேசலாம் என்று டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"ஏன்டி, ஆசீர்வாதம்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?"

"கணக்குப் பாக்க வந்தவ நெத்தியில அரிசிய அப்பிக்கிட்டு வந்தேன்னு சொல்லச் சொல்றீங்களாக்கா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. கட்டைப் பிரிக்காமலே அவள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்தாள்.

மறுநாள் அவளே ஹெதரை அழைத்து உண்மையைச் சொன்னாள். காயமில்லை, எங்கள் பண்டிகை, பெரியவர்கள் வைத்தது, வெட்கப்பட்டுக் கழுவிவிட்டேன் என்றாள். ஹெதர் முதலில் சிரித்தார். பிறகு அங்கலாய்த்தார்.

"நேத்தே இதைச் சொல்லியிருந்தா அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேனேம்மா. உனக்கு அப்புறம் வந்தவரை எடுத்துட்டோம்."

மேகராஜ் ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"பௌர்ணமி வரைக்கும் டீகா வச்சுக்கலாம்தானேக்கா? வச்சு விடுங்க. இனிமே கூப்பிடற எடத்துக்கு இதோடவே போறேன்."

பௌர்ணமி வரை தினமும் காலையில் வைத்துவிட்டேன். அவளும் கழுவவில்லை. எந்த அலுவலகமும் கூப்பிடவில்லை.