அந்தோணி தனியாகத் தூக்கிய பின்னச்சு

போன செவ்வாய்க்கிழமை, தெற்கே ஜொகூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. "மணியம் அங்கிளா? பண்டார் பாருலேருந்து பேசுறேன். அந்தோணி மாமா தவறிட்டாரு. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம். உங்க நம்பர் இன்னிக்குத்தான் கெடைச்சது." பேசியது அவருடைய அக்காள் மகள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

எழுபதுகளில் வடக்கே கெடாவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பட்டறையில் நானும் அவரும் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தோம். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அங்கே எங்களோடு வேலை செய்தவர்கள். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். மனைவி ஸ்டெல்லா கல்யாணமான மூன்றாம் வருஷமே இறந்துவிட்டார். அதன்பின் தனி வீடு, தனிச் சமையல். ஞாயிறு பூசை முடிந்தால் மீதி நேரமெல்லாம் அந்தக் கார்தான்.

ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன, இரண்டே இருக்கை உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. எஞ்சின் செத்துக் கிடந்தது. நாங்கள் அதில் ஒரு ஜப்பான் எஞ்சினைப் பொருத்தினோம். பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆனால் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல், பழைய எஞ்சினுக்கென்று செய்தது. "டிஃப்ப மாத்திட்டு ஓட்டலாம்லா" என்றார் அந்தோணி. எனக்குப் பொறுமையில்லை. "தாங்கும்லா அந்தோணி. ஒரு தடவ மலை ஏத்திப் பாப்போம்" என்று நச்சரித்தேன்.

ஜெராய் மலைச் சாலையில் நான்காவது வளைவைத் தாண்டி அவர் வேகத்தைக் கூட்டியபோது பின்னால் படாரென்று ஒரு சத்தம். டிஃபரென்ஷியலின் பல் உடைந்து சிக்கியதில் பின்சக்கரங்கள் இறுகி நின்றுவிட்டன. கார் சுழன்று மண்மேட்டில் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அது முழுதாக மடங்கவேயில்லை.

பட்டறையில் எல்லார் முன்னாலும் மேனேஜர் விசாரித்தார். "நான்தான் அவசரப்பட்டேன்" என்றார் அந்தோணி. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தோணி, டவுனில் சீனர் ஒருவருடைய பழைய இரும்புக் கடையில் ஒரு சிறிய லோரியின் பின்னச்சைப் பிடித்தார். டிஃபரென்ஷியல் அதிலேயே இருந்தது; கெட்டியானது. ஆனால் அச்சு காருக்கு அகலம் அதிகம். இரண்டு பக்கமும் அறுத்துக் குறுக்கி வெல்டிங் வைத்தார். லோரியின் பற்கள் இழுவைக்கானவை, வேகத்துக்கு ஆகாது என்று வேறு பற்சக்கரங்களைத் தேடிப்பிடித்துப் பொருத்தினார். பல்லில் நீலச் சாயம் தடவி, மெல்லச் சுற்றி, சாயம் எங்கே அழிந்திருக்கிறதென்று பார்ப்பார். சரியில்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றுவார். "பல்லு பல்லத் தொடணும் மணியம், கடிக்கக்கூடாது" என்பார். எத்தனை முறை கழற்றினார் என்று நான் எண்ணவில்லை.

அச்சைக் காரில் ஏற்ற வேண்டிய வாரத்தில்தான் எனக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். அவருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. "நீ போலா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு கை சரியில்லாதவர் அந்தக் கனத்தை எப்படித் தனியாகத் தூக்கிப் பொருத்தினாரோ, நான் கேட்டதில்லை. கடிதமும் போடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். "அந்தோணி அண்ணன் வந்திருந்தாரு" என்றாள் என் மனைவி. "அந்தக் கார்லயே, கெடாலேருந்து. ரெண்டு மணி நேரம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. சாப்பிடச் சொன்னேன், தேத்தண்ணி மட்டும் குடிச்சாரு. நாளைக்கு வேலையாம், கெளம்பிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"டிஃப்பு மாத்தியாச்சு, இப்ப நல்லாத் தாங்குதுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. வேற ஒண்ணும் இல்ல."

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த லீவு என்றே வருஷங்கள் போய்விட்டன.

காரை வந்து எடுத்துக்கொள்ளும்படி அக்காள் மகள் மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். அது உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அந்தோணி எனக்கென்று கொடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரம். அதை வாங்கிக்கொள்ள நான் வீட்டில் இல்லை. வாங்கிக்கொள்ளாத அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்திருக்கிறேன்.