கட்டிலில் படுத்துப் பார்த்த பந்தல்

அனுசுயா தன் தோட்டத்தில் தானே இறங்கி வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே பெரிய தப்பு ஒன்றைச் செய்துவிட்டாள். திராட்சைக் கொடி தளிர்க்கும்போது, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சுருளும், காய்க்கப் போகிற பிஞ்சுக் குலையும் கூடப் பிறந்தவை மாதிரி இருக்கும். சுருளைக் கிள்ளிப் போட வேண்டும். பிஞ்சைத் தொடவே கூடாது. உத்தமபாளையத்தில் தபால் ஆபீஸ்காரர் மகளாகப் பிறந்து வளர்ந்தவளுக்கு இது எங்கே தெரியும்? ஒரு வரிசை முழுக்கப் பிஞ்சாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

பின்னால் வந்த ராஜாத்தி அதைப் பார்த்தாள். தோட்ட வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள். குனிந்து, கிடந்த பிஞ்சையெல்லாம் மடியில் அள்ளி, வாய்க்கால் ஓரம் மண்ணைத் தள்ளி மூடினாள். நாலைந்து நாள் கழித்து, கஞ்சி குடிக்கிற நேரத்தில், கூட வேலை செய்கிற யுவராணி கேட்டாள். "என்னக்கா, இந்த வரிசையில மட்டும் குலையே காணோம்?"

"அங்கன கவாத்து வெட்டுனது நான்தான். கணு பாக்காம வெட்டிட்டேன்" என்றாள் ராஜாத்தி.

முப்பது வருசமாகக் கொடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்திரி பிடிக்கிற கை. அந்தக் கை தப்பாக வெட்டியதாக அவளே சொன்னாள். அனுசுயா கஞ்சித் தூக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ராஜாத்தி அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே அனுசுயாவின் தோட்டம். பன்னீர்த் திராட்சைப் பந்தல். கணவன் மதன்குமார் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். ஆளை விட்டுப் பார்த்த விவசாயம் மூன்று காய்ப்பாக ஒன்றுமில்லாமல் போனது. தோட்டத்தை வீட்டு மனைக்குக் கேட்டு ஒரு புரோக்கர் நடையாய் நடந்தார். மதன்குமாருக்கும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அனுசுயாதான் போனில் அழுது, ஒரே ஒரு காய்ப்புக்குத் தவணை வாங்கினாள்.

"சரி. இந்தக் காய்ப்பு மட்டும் பாப்போம். சரியா வரலைன்னா கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் அழக் கூடாது" என்றான் அவன்.

அனுசுயா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, வீரபாண்டி கௌமாரியம்மனை நினைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலுக்குள் இறங்கினாள்.

ஆத்தா கண் திறந்துதான் பார்த்தாள். குலை குலையாய் இறங்கியது. "நெறைய விட்டுட்டோம் ஆத்தா. கொடி தாங்காது. ரெண்டு நாள்ல குறைச்சு விட்டுருவோம்" என்று ராஜாத்தி சொன்னாள். அந்த ரெண்டு நாளுக்குள்தான் ஷேர் ஆட்டோ வேகத்தடையில் ஏறிக் குதித்தது. கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த ராஜாத்தியின் தலை கூரைக் கம்பியில் மோதி, கழுத்து பிடித்துக்கொண்டது.

கம்பத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சதைதான் பிசகியிருக்கிறது என்றார் டாக்டர். கழுத்துக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு இதைக் கழட்டக் கூடாது. அண்ணாந்து பாக்கவே கூடாது."

"டாக்டரய்யா, நான் அண்ணாந்து பாத்துத்தான் சோறு திங்கிறேன். பந்தலு மேலதான இருக்கு!"

"ரெண்டு மாசம் நேரா பாத்துச் சாப்பிடுங்கம்மா. மத்த நேரம் நல்லா மல்லாந்து படுங்க."

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குனிய முடியாததால் முறத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அரிசியில் கல் பார்த்தாள். யாராவது கூப்பிட்டால், தேர் திரும்புகிற மாதிரி ஆள் முழுசாகத் திரும்பினாள். பார்க்கப் போன அனுசுயாவிடம் ராஜாத்தியின் கணவர் சின்னக்கருப்பு சந்தோசமாகச் சொன்னார்.

"இப்பத்தான் ஆத்தா எனக்கு நிம்மதி. நான் என்ன சொன்னாலும் இல்லைன்னு தலையாட்டுவா. இப்ப ஆட்ட முடியலைல்ல?"

"வாய் இருக்குல்ல!" என்றாள் ராஜாத்தி சுவரைப் பார்த்தபடி. "இல்ல, இல்ல, இல்ல. போதுமா?"

அனுசுயா சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீடு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ராஜாத்தி இல்லாமல் குலையைக் குறைக்கக் கத்திரியை எடுத்தால் கை எழவில்லை. ஒருதடவை தெரியாமல் கிள்ளிய கை, இப்போது தெரிந்தே எப்படி வெட்டும்? யுவராணியும், "விடு மதினி. சாமி குடுத்தத எதுக்கு வெட்டணும்? இருந்தா எடை நிக்கும்ல" என்றாள். கேட்பதற்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு குலையைக்கூட வெட்டவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பந்தலுக்குள் ஒரு கயிற்றுக் கட்டில் நடந்து வந்தது. கீழே சின்னக்கருப்பின் கால்கள். பின்னால் பட்டையோடு ராஜாத்தி, கையில் தலையணை.

"அக்கா! டாக்டர் படுக்கச் சொன்னாகல்ல?"

"படுக்கத்தான் வந்திருக்கேன். மல்லாந்து படுன்னாரு. வீட்டுலதான் படுக்கணும்னாரா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், சொல்லவே இல்ல."

அன்றிலிருந்து பந்தலுக்குள் ஒரே கூத்துதான். ராஜாத்தி கட்டிலில் மல்லாந்து கிடப்பாள். கழுத்துக்கு நோவில்லை, கண்ணுக்கு நேரே பந்தல். கையில் நீளமான மூங்கில் குச்சி. "அந்தா, அந்தக் குலைக்குப் பின்னால காஞ்ச இலை. ஏய், அது இல்லடி, இந்தப் பக்கம்" என்று படுத்தபடியே வேலை வாங்குவாள். ஒரு வரிசை முடிந்ததும் நாலு பெண்கள் கட்டிலை அவளோடு சேர்த்துத் தூக்கி அடுத்த வரிசைக்குக் கொண்டுபோய் வைப்பார்கள்.

"காலத்தப் பாத்தியா மதினி" என்பாள் யுவராணி மூச்சு வாங்க. "ராஜாத்தி பல்லக்குல வாரா, யுவராணி தூக்கிட்டுப் போறா."

"வாய்க்குக் குடுக்குற வேலையக் கைக்குக் குடுடி. ஆடாமத் தூக்கு. கழுத்து!"

பக்கத்துத் தோட்டத்து முத்துப்பாண்டி வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "எங்க வீட்டு அம்மாவுக்கும் இப்படி ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்க. படுக்குற வேலைன்னா ஓடி வருவா" என்று போவார். அனுசுயாவுக்கு வயிறு வலிக்கச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. தினம் விடிந்ததும் எப்போது தோட்டத்துக்குப் போவோம் என்றிருந்தது அவளுக்கு.

காயில் கருப்பு ஏறத் தொடங்கிய சமயம். ரெண்டு நாள் கோடை மழை பெய்து வெறித்த ஒரு புதன்கிழமை, கட்டிலை முதல் தடவையாக நடுப் பந்தலில் வைத்தார்கள். ராஜாத்தி வழக்கம்போல் வேலை ஏவவில்லை. குச்சியை நெஞ்சில் போட்டுக்கொண்டு மேலே ஒரு கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

"ஆத்தா அனுசுயா, இங்கன வா. சாக்க விரிச்சு எம் பக்கத்துல படு."

"எல்லாரும் பாக்குறாகக்கா."

"பாத்துட்டுப் போறாக. படு."

அனுசுயா படுத்தாள். நின்று வேலை பார்க்கும்போது மூக்குக்கு நேரே இருக்கிற குலைதான் தெரியும். படுத்துப் பார்த்தால் பந்தல் மொத்தமும் ஒரே கூரையாகத் தெரிந்தது. அந்தக் கூரை நட்ட நடுவில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு மாதிரி கீழே இறங்கியிருந்தது. ராஜாத்தி குச்சியால் ஒரு கம்பியைத் தொட்டு, அது போகிற வழியைக் காட்டினாள். கம்பி போய் முடிகிற இடத்தில், வடகிழக்கு மூலைக் கல்லுக்கால் உள்பக்கமாக ஒரு சாண் சாய்ந்து நின்றது. அதை வெளியே இழுத்துப் பிடிக்கிற கம்பி, மழையில் இளகிய மண்ணோடு மேலே வந்துகொண்டிருந்தது.

அனுசுயா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். மூலைக் கால் விழுந்தால் பந்தல் பாயைச் சுருட்டின மாதிரி தரைக்கு வந்துவிடும்.

"நடுவுல இவ்வளவு கனம். குலையக் குறைக்கவே இல்லையா நீ?"

"மனசு வரலக்கா."

ராஜாத்தி திட்டவில்லை. "சரி. இன்னிக்குச் சாயந்தரம் மழை வரும். மேகமலைப் பக்கம் இருட்டிட்டு வருது பாரு. கால நிமித்துறதுக்கு முன்னால பாரத்த எறக்கணும். நடு நாலு வரிசையில மூணுக்கு ஒரு குலைய வெட்டிரு."

"பாதி கருத்திருச்சுக்கா! குவைத்துல இருக்கிற அவுகளுக்கு நிறைஞ்ச பந்தலக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். வெட்டிட்டா என்னத்தக் காட்டுவேன்?"

"கெடக்குற பந்தலக் காட்டப் போறியா, நிக்கிற பந்தலக் காட்டப் போறியா?"

அனுசுயா கத்திரியோடு நின்றாள். குலைக் காம்பில் வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்துவிட்டாள். ராஜாத்தி மெல்ல எழுந்து உட்கார்ந்து கழுத்துப் பட்டையின் ஒட்டைச் சர்ரென்று பிரித்தாள். "கத்திரிய இங்கன குடு. ஒரு மணி நேரம் அண்ணாந்தா என் கழுத்து ஒண்ணும் கழண்டு விழுந்துறாது."

"ஐயோ, மாட்டுங்கக்கா முதல்ல!" அனுசுயா பாய்ந்துபோய்ப் பட்டையை ஒட்டிவிட்டாள். பிறகு, கௌமாரி என்று வாய்விட்டுச் சொல்லி முதல் குலையை வெட்டினாள். ரெண்டாவதை வெட்டும்போது கண்ணில் தண்ணீர். பத்தாவதுக்கு மேல் கை தானாக ஓடியது. "இது வேணாம், அடுத்தது. அத விடு, அது நல்ல குலை" என்று கட்டிலிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. யுவராணியும் மற்றவர்களும் வாய் பேசாமல் வெட்டினார்கள். யுவராணி வாய் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

சின்னக்கருப்பும் முத்துப்பாண்டியும் மூங்கிலைக் கொண்டுவந்து நடுவில் பத்து இடத்தில் முட்டுக் கொடுத்தார்கள். மூலைக் காலைத் தோளால் நெட்டித் தள்ளி, புதிதாகக் குழி வெட்டிக் கல்லைப் புதைத்து, இழுவைக் கம்பியை முறுக்கிக் கட்டினார்கள். கடைசி முறுக்குப் போடும்போது முதல் சொட்டு விழுந்தது.

எல்லாரும் மோட்டார் ரூமுக்குள் ஓடினார்கள். சிறிய ரூம், எட்டுப் பேர். காற்று பேயாட்டம் ஆடியது. தென்னை மட்டைகள் சடசடவென்று விழுந்தன. வாசலை மற்றவர்கள் மறைத்து நிற்க, பின்னால் மாட்டிக்கொண்ட ராஜாத்திக்கு எட்டிப் பார்க்கக் கழுத்து வளையவில்லை.

"நிக்குதா? ஏய், யாராவது சொல்லுங்கடி. நிக்குதா?"

"ஆடுதுக்கா" என்றாள் அனுசுயா.

"ஆடட்டும். நிக்குதா?"

"நிக்குது."

"மூலைக் காலு?"

"நிக்குதுக்கா. நிக்குது!"

மழை விட்டபோது பந்தல் சொட்டச் சொட்ட நின்றது. ஒரு முட்டுகூட விலகவில்லை. அனுசுயா ஈரத்தில் ஓடிப்போய் மூலைக் கல்லுக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சின்னக்கருப்பு, "ஆத்தா, இழுவைக் கம்பி இழுத்துக் கட்டுனவன் இங்கன நிக்கிறேன். கல்லுக்கு எதுக்கு மரியாதை?" என்று கேட்க, எல்லாருமே சிரித்தார்கள். அனுசுயா சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெட்டியதற்குப் பலன் பிறகுதான் தெரிந்தது. மிச்சம் இருந்த குலைகளில் சத்து போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு பழமும் மினுமினுவென்று திரண்டது. கோட்டயத்திலிருந்து வந்த வியாபாரி ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, "கொள்ளாம் சேச்சி, நல்லோணம் கொள்ளாம்" என்று மலையாளத்தில் புகழ்ந்ததோடு, பந்தல் மொத்தத்துக்கும் அங்கேயே பேசி முடித்தார்.

அறுப்புக்கு முந்தின நாள் மதன்குமார் வீடியோ காலில் வந்தான். அனுசுயா போனை அங்கும் இங்கும் தூக்கிக் காட்டினாள். அவனுக்கு இலைதான் தெரிந்தது. கட்டிலில் கிடந்த ராஜாத்தி, "இப்படிக் குடு ஆத்தா, ஒனக்குக் காட்டத் தெரியல" என்று போனை வாங்கி, தன் நெஞ்சின் மேல் மல்லாக்க வைத்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"தம்பி, லயன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா." குரல் இளகியிருந்தது. "இது நம்ம தோட்டமாக்கா?"

"பின்ன, முத்துப்பாண்டி தோட்டத்தையா காட்டுறேன்? ஒம் பொண்டாட்டி பாத்த தோட்டம்."

அவன் சொன்னான். "அனு, அந்த புரோக்கர்கிட்ட நானே பேசிர்றேன். இனிமே வர வேணாம்னு சொல்லிர்றேன்."

மறுநாள் முதல் குலையை அறுத்து, மஞ்சள் துணிக் காசோடு அனுசுயா வீரபாண்டிக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாள் ராஜாத்தியின் பட்டை கழன்றது. டாக்டர், "படுத்து நல்லா ஓய்வு எடுத்திருக்கீங்க, அதான் முழுசா சரியாயிருச்சு" என்று மெச்சிக்கொண்டார். ராஜாத்தி அவருக்கு ஒரு கிலோ பழத்தைக் கொடுத்து, ஓய்வு எடுத்த இடத்தில் காய்த்தது என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அந்த வாரக் கடைசியில் அவள் திருப்பூருக்குக் கிளம்பினாள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகளுக்குப் பேறுகாலம். ரெண்டு மாதம் ஆகும் திரும்பி வர. பஸ் நிறுத்தத்துக்கு அனுசுயாவும் யுவராணியும் வழியனுப்பப் போனார்கள். பஸ் வந்தது. அனுசுயா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். எங்கிருந்து தொடங்கி எதைச் சொல்வது? ராஜாத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கை நீட்டி, அவள் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள்:

"அடுத்த கவாத்துக்கு நாலு நாள் முன்னாலயே எனக்குப் போனப் போட்டுரு ஆத்தா. நான் வர வரைக்கும் யுவராணி கையில மட்டும் கத்திரியக் குடுத்துறாத. அவ பேசிக்கிட்டே பாதிக் கொடிய வெட்டிப்புடுவா."