மை டப்பாவும் தொரக்கண்ணும்

மை வைத்தால் பூனைக்கண் கறுப்பாகத் தெரியும் என்று என் அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எரிச்சல்தான்: விளக்கெண்ணெயில் குழைத்த கரியின் வாடை, இமையோரம் இழுபடும் அம்மாவின் சுட்டுவிரல், கண்ணீரோடு கன்னத்தில் வழியும் கறுப்பு. மற்றப் பிள்ளைகளுக்கு மை அழகுக்கு. எனக்கோ கம்பளையிலிருந்து அத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

கண்டியில், அப்பா வேலைபார்த்த புடைவைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கறுத்த விழிகள். எனக்கு மட்டும் சாம்பலும் பச்சையும் கலந்தவை. அம்மா வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவின் அக்காவான அத்தைக்கு இந்த இரண்டு செய்திகளே போதுமாயிருந்தன. "எங்க, எங்க தொரக்கண்ணு?" என்றபடிதான் படியேறுவார். துரைக்கண்ணு என்று ஆண்களுக்குப் பெயர் வைப்பதுண்டு என்பதால் அக்கம்பக்கத்தார் வேடிக்கை என்று சிரித்தார்கள். அத்தை சொன்னது தோட்டத்து வெள்ளைத் துரையை என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

அந்தத் தோட்டத்தின் கடைசி வெள்ளைத் துரை கப்பலேறியபோது அம்மாவுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. ஒருமுறை அம்மாவே வாய்திறந்து, "மதினி, நான் அந்த மனுசன கண்ணால பாத்ததுகூட இல்ல" என்றார்.

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒன்ன யாருடி சொன்னா? ஒங்கம்மா கொழுந்தெடுத்த காலத்துல பாத்திருப்பால்ல. இதெல்லாம் ஒரு தலமொற ஒளிஞ்சிருந்துதான் வரும்" என்றார்.

அம்மாவைப் பெற்றவர் இறந்து பல வருடங்களாகியிருந்தன; மறுத்துப் பேச வரமாட்டார் என்ற தைரியம். அப்பா பத்திரிகையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "அக்கா, தேத்தண்ணி ஆறுது" என்று மட்டும் சொன்னார். அந்தத் தேத்தண்ணிக்காக அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது விஞ்ஞான ஆசிரியை கரும்பலகையில் நாலு கட்டமுள்ள சதுரம் ஒன்றை வரைந்தார். ஆட்சியான இயல்புக்குப் பெரிய எழுத்து, பின்னிடைவான இயல்புக்குச் சின்ன எழுத்து. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு சின்ன எழுத்தை வெளியே தெரியாமல் சுமந்தால், இரண்டும் சேரும் பிள்ளையிடம்தான் அந்த இயல்பு வெளிப்படும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. கண்ணின் நிறம் உண்மையில் இத்தனை எளிதல்ல, பல பரம்பரை அலகுகள் சேர்ந்து தீர்மானிப்பது என்றும் ஆசிரியை சொன்னார். ஆனால் நான் அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது நான்.

அடுத்த முறை அத்தை வந்து கதிரையில் உட்கார்ந்ததும், மை டப்பாவில் விரலை அழுத்திச் சீமெந்துத் தரையில் அந்தச் சதுரத்தைப் போட்டேன். "நீங்க சொன்னது சரிதான் அத்தை, ஒளிஞ்சிருந்துதான் வரும். ஆனா ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கணும். அம்மா வீட்டுல ஒண்ணு, ஒங்க வீட்டுல ஒண்ணு."

அத்தை கதிரையை விட்டு எழுந்தார். "அப்ப எங்க வீட்டுக்கும் தொர வந்தான்னு சொல்றியா?"

ஈரத்துணியோடு ஓடிவந்து தரையைத் துடைத்தவர் அம்மா. "சின்னப் புள்ள, தெரியாம பேசிருச்சு. மனசுல வச்சுக்காதீங்க மதினி." யாருக்காக வாதாடினேனோ அவரே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சதுரம் எதையும் நிரூபிக்கவில்லை, அப்படியும் நடக்கலாம் என்று மட்டுமே காட்டியது என்பது எனக்குப் பிறகு புரிந்தது. ஆனால் அம்மாவின் சொல் இருக்கும்போது சதுரம் எதற்கு? அவர் ஏன் எதையாவது நிரூபிக்க வேண்டும்?

சில வருடங்கள் கழித்து, முறைப்பையன் என்ற உரிமையில், தாயோடு சண்டைபிடித்து, அத்தை மகனே என்னைக் கட்டிக்கொண்டார். நல்லவர், கறுத்த விழிகள். சொந்தத்துக்குள் கட்டியதால் வேறு என்னென்ன ஒளிந்திருந்து சேருமோ என்று பிரசவம்வரை பயந்துகொண்டிருந்தேன். குறையொன்றுமில்லாமல் மகள் பிறந்தாள். மாதங்கள் போக, அவள் விழிகள் அசல் என்னுடையவை போலாயின. கணவரிடமும் அந்தச் சின்ன எழுத்து ஒளிந்திருந்திருக்க வேண்டும்.

அத்தை பேத்தியைத் தூக்கிக்கொண்டு கம்பளைத் தெருவில் வீடு வீடாகக் காட்டினார். "எங்க வம்சத்துக் கண்ணு! எங்க அப்பாவப் பெத்தவருக்கு அச்சா இதே கண்ணுதான்."

அப்படியானால் அத்தனை ஞாயிறுகளிலும் இவருக்குத் தெரிந்திருந்ததா? அல்லது இப்போதுதான் கதை கட்டுகிறாரா? எது மோசம் என்று தீர்மானிக்க முடியவில்லை.

கரி குழைத்த மை இப்போது எங்கள் வீட்டில் இல்லை. குழந்தைக்கு வைக்கக் கூடாதென்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அத்தையும், "மை கிய்ய வச்சு கண்ணு அழக கெடுத்துறாத" என்கிறார். "தொரக்கண்ணு" என்ற சொல் அந்த வாயில் ஒருநாளும் இருந்திராததுபோல மறைந்துவிட்டது. அம்மா மறக்கவில்லை. இன்றும் அத்தை வந்தால் கதவோரத்திலேயே நிற்கிறார்.

மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு இரண்டு பக்கத்து உறவும் வரும். அத்தை எல்லோர் முன்னாலும் அந்தக் கண்ணைப் பற்றிப் பேசுவார். அப்போது நான் பழையதைச் சொல்லி, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும்படி கேட்கலாமா? "வேணாம்மா, ஒன் வீட்டு நிம்மதி போயிரும்" என்கிறார் அம்மா. அது அம்மாவின் விருப்பமா, இத்தனை வருடப் பயமா என்று மகளான எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாசிக்கும் உங்களில் யாராவது இப்படியொரு இடத்தில் நின்றிருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.