மேளம் அடித்தால் ஏரோப்ளேன்

சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரருக்கு ஏரோப்ளேன் பார்க்கிற வேலை கிடைத்தது. வத்தல்மலை உச்சியில் பட்டாளத்தார் கம்பியில்லாத் தந்திப் பெட்டியோடு கொட்டகை போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றிக்குப் பரணில் காவல் இருந்து பழகிய கண் என்று இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டையும் தூரக்கண்ணாடியும் வந்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

“ஏனுங்க, ஜப்பான்காரன் நம்ம சாமையத் திங்கவா மலையேறி வர்றான்?” என்று கேட்டேன்.

“உனக்கென்ன தெரியும்? பெங்களூர்ல குண்டு போட இந்த வழியாத்தான் வருவானாம். நாங்க பாத்துச் சொன்னாத்தான் அங்க உசாராவாங்க.”

எங்கள் ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கோயில் மேளத்தை அடிப்போம். காட்டில் இருக்கிற ஆண்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து, தூளி கட்டி, தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பட்டாளத்தார் அதை நிறுத்தினார்கள். இனி ஏரோப்ளேன் தெரிந்தால் மட்டும்தான் மேளம். சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, எல்லாரும் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ள வேண்டும். ஊரைக் கூட்டிப் பழக்கியும் விட்டார்கள். எங்கள் ஜனங்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை. வீட்டில் நான் மட்டும்தான். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கோயிலுக்கு ஓடி மேளத்தை அடித்தேன். பட்டாளத்தார் சொன்னதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் மேளம், அவ்வளவுதான் தெரியும்.

ஒருவரும் வரவில்லை. கூரைகளுக்கு மேல் புகை ஒவ்வொன்றாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கத்திப் பார்த்தேன், பாறைக்குள் பதுங்கியவர்களுக்குக் கேட்கவில்லை. நானே அவளைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கினேன். பாதி வழியில் வலிப்பு நின்றது. மூச்சும் நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி ஏறி வந்து, அவளைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போது அவர் வந்தார். கோபமாக வந்தார். கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

“மேளம் கேட்டு நாலு பக்கமும் வானத்தத் துழாவிட்டோம். ஒண்ணுமே இல்ல. எவன் அடிச்சது?”

“நாந்தாங்க,” என்றேன்.