முளையைத் தாண்டிய படகு

சுத்துப்பாலத்தைத் திருப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் தேரை நிலைக்குக் கொண்டுவருகிறவர் மாதிரி மரக்காணம் பூராவும் பெருமையடித்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே நான் அதைக் கற்றுக்கொண்டேன். கால்வாய்க்கு நடுவே கல் தூண். அதன் உச்சியில் பாலம் உட்கார்ந்திருக்கும். பாலத்தின் நடுவில் ஒரு குழி உண்டு. அதில் நீளமான இரும்புக் கம்பியைச் செருகி, மார்பால் தள்ளிக்கொண்டு சுற்றி நடந்தால் பாலம் முனகியபடியே திரும்பி, தண்ணீரோடு நீளவாக்கில் நின்றுவிடும். கிரீஸ் போட்டிருந்தால் ஒரு பொம்பளை போதும். போடாவிட்டால் படகுக்காரனும் கரையேறி வந்து கை கொடுக்க வேண்டும்.

எழுபதுகளில் அந்தப் பாலத்தை உப்பு டிப்போக்காரர்கள்தான் வைத்திருந்தார்கள். அதைத் திருப்புகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பாலத்துக்கு வடக்கே, கரையை ஒட்டியே எங்கள் வீடு. சுற்றிலும் உப்புப் பாத்திகள். நிழலுக்கென்று ஒரு பூவரச மரம்கூடக் கிடையாது.

காலிப் படகு தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதக்கும். அதற்குப் பாலத்தைத் திருப்பியே ஆக வேண்டும். உப்பு ஏற்றிய படகு கனத்தில் தாழ்ந்துவிடும். தண்ணீரும் குறைவாக இருந்தால், சுக்கான் பிடிக்கிற ஆள் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகு பாலத்துக்கு அடியிலேயே நழுவிப் போய்விடும். திருப்பக் காத்திருக்க வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் அதில்தான் ஆசை.

தண்ணீர் எவ்வளவு என்பதற்குத் தூணின் கல்தான் கணக்கு. தண்ணீருக்கு மேலே மூன்று கல் தெரிந்தால் படுத்துக்கொண்டு போகலாம். இரண்டு கல்தான் தெரிகிறது என்றால் தண்ணீர் ஏறிவிட்டது, பாலத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் தெற்கேயிருந்து உப்போடு வருகிறவனுக்கு இது கண்ணில் படாது. அந்தப் பக்கம் தூணில் உப்புப் பூத்து, எந்தக் கல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருக்கும். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. பாலத்துக்கு முப்பது நாற்பது அடி முன்னால் கரையில் படகு கட்டுகிற ஒரு முளை. படகு அதை நெருங்கும்போதே சுக்கான் பிடிப்பவன், "எத்தினி கல்லு?" என்று குரல் கொடுக்க வேண்டும். பாலத்திலிருந்து பதில் வரும். இரண்டு என்றால் முளையில் கயிற்றைப் போட்டு நிற்பான். மூன்று என்றால் கரையோடு நடந்து படகை இழுத்துவருகிற ஆள் கயிற்றைப் படகுக்குள்ளே எறிந்துவிடுவான். வந்த வேகத்திலேயே படகு பாலத்துக்குள் நுழைந்துவிடும். கயிற்றை எறிந்தபின் அந்தக் கனத்தை நிறுத்த யாராலும் முடியாது. முளைக்கு வரும்வரை எல்லாமே நம் கையில். தாண்டிவிட்டால் ஒன்றுமே இல்லை.

என் அண்ணனும் உப்புப் படகுதான் ஓட்டினான். அந்த வருஷம் அவனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஏழு மாதம்.

அம்மா இறந்த அன்று எனக்குச் சொல்லி அனுப்பினான்தான். நான் பாத்தி வரப்பில் ஓடியும் விழுந்தும் போய்ச் சேர்வதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். மழை வருகிறது, தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்களாம், இவனும் தலையாட்டினானாம். பெற்ற தாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அவனைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இல்லையென்று சொல்லமாட்டேன். அவன் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவனாக வந்து பேசட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரரிடம் கல் கேட்பான், மாமா மச்சான் என்று சிரிப்பான். நான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். நான் வேண்டுமென்றே சத்தமாகத் தேய்ப்பேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏதோ வேண்டுதல் என்று விடியற்காலையிலேயே கிளம்பினார். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஒங்கண்ணன் லோடு எடுத்துக்குனு வருவாரு. கல்லு பாத்து சொல்லிடு. வீம்பு புடிக்காத."

"கேக்கட்டும், சொல்றேன்" என்றேன்.

"கேக்கலன்னாலும் சொல்லு."

"சரி போங்க, பஸ் போயிடப் போவுது."

இரண்டு நாளாகக் கடலிலிருந்து கொண்டல் காற்று. அமாவாசையும் சேர்ந்துகொண்டது. கொண்டல் நின்று அடித்தால் முகத்துவாரம் வழியாகக் கடல் கால்வாய்க்குள் ஏறும். முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் காலிப் படகோடு தெற்கே போனபோது மூன்று கல் தெரிந்தது. காலையில் நான் எழுந்தபோதும் மூன்றுதான். ஒன்பது மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். இரண்டு கல். மூன்றாவது கல் முழுசாக முழுகியிருந்தது.

அப்போது அவன் படகு தெரிந்தது. உப்பு கூம்பாகக் குவிந்து, மேலே கீற்றுப் போட்டு மூடியிருந்தது. பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அண்ணன். கரையில் அவனுடைய கூட்டாளி தோளில் கயிற்றோடு குனிந்து நடந்து வந்தான். நான் கம்பியை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் போய் நின்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வீட்டுக்காரரைத் தேடி வாசலைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

கேளு என்று மனசுக்குள் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. எத்தினி கல்லு என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிடு, எல்லாம் தீர்ந்துவிடும். பாலத்தையும் திருப்புகிறேன், உட்கார வைத்துச் சோறும் போடுகிறேன்.

அவன் கேட்கவில்லை. கூட்டாளி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நான் சும்மா நிற்கிறேன். இரண்டு கல்லாக இருந்தால் சும்மா நிற்பேனா என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவன் அப்படி நினைப்பான் என்று எனக்கும் தெரியும். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. மறந்துபோய் நிற்கவில்லை, பயந்துபோய் நிற்கவில்லை. தெரிந்தேதான் நின்றேன். முளைக்கு இன்னும் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி தூரம் இருக்கிறது, அதற்குள் அண்ணன் கேட்டுவிடுவான் என்று நின்றேன். பிறகு ஒரு பாகம் இருக்கிறது என்று நின்றேன்.

கூட்டாளி கயிற்றை எறிந்தான். அண்ணன் மல்லாந்து படுத்தான்.

"ரெண்டு கல்லு! ண்ணா, ரெண்டு கல்லு!" என்று கத்தினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணா என்று கூப்பிட்டது அப்போதுதான். அவன் படுத்தவாக்கில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கால்வாயில் குதிக்க அவனுக்கு நேரம் இருந்ததா என்று இத்தனை வருஷமாக எண்ணிப் பார்க்கிறேன். இருந்தது என்று சில நாள் தோன்றும். என் காலுக்குக் கீழே பலகை ஒரு குலுக்குக் குலுங்கியது. பாலத்தின் விட்டம் உப்பை வழித்துக்கொண்டே போய், அவனைப் பின்பலகையோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

எப்படி வெளியே எடுத்தோம் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. உப்பைக் கையால் அள்ளி அள்ளித் தண்ணீரில் போட்டேன். பாத்தியில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவனைக் கிடத்தினோம். தலை என் மடியில். வெளியே காயமே இல்லை. முகமெல்லாம் உப்பு. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே போனேன். மூச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான்.

மெயின் ரோட்டுக்கு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறந்தான். கூட்டாளி முன்னால் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது.

"பாப்பா" என்றான் அண்ணன். "எத்தினி கல்லு இருந்துச்சி?"

என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"மூணுண்ணா."

"நானும் மூணுன்னுதான் பாத்தேன்" என்றான். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. ரோட்டில் ஏறியபோது மூச்சு இல்லை.

கூட்டாளி எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னான். "அது கத்துச்சி, நாங்கதான் கேக்காம வந்துட்டோம்." அதைக் கேட்ட பொம்பளைகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கம்பியை எடுத்துப் பரண் மேல் போட்டார். அடுத்த மாதமே டிப்போவில் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் சாகிற வரைக்கும், "நீ எப்ப கத்தன?" என்று என்றாவது கேட்டுவிடுவாரோ என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாலத்தைப் பிறகு கழற்றி எடுத்துவிட்டார்கள். கால்வாய் முழுக்கப் புல் மண்டிக் கிடக்கிறது. மத்தியான நேரத்தில் நான் தனியாக இருக்கும்போது தெற்கேயிருந்து ஒரு படகு வரும். உப்பு வெள்ளையாகத் தெரியும், சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். என் கண் பழுது என்று டாக்டர் சொன்னார், சொட்டு மருந்து கொடுத்தார். ஆவிக்கெல்லாம் நான் பயப்படுகிறவள் இல்லை. அவன் வரட்டும். முளைக்கு வெகுதூரத்தில் வரும்போதே நான் கத்திவிடுகிறேன், ரெண்டு கல்லு, ரெண்டு கல்லு என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கின்றன. ஆனால் அவன் ஒருநாள்கூட என்னிடம் கேட்டதில்லை.

அண்ணிக்கு இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. என்னோடுதான் இருக்கிறாள். காரியம் முடிந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா ஒங்கிட்டதான பேசுனாரு? என்ன சொன்னாரு?"

"ஒன்ன நல்லா பாத்துக்கச் சொன்னான்" என்றேன்.

வருஷா வருஷம் அவன் திதிக்குப் படையல் போட்டு முடித்ததும் அதையே மறுபடி கேட்பாள். நானும் அதையே சொல்வேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் இலையிலிருந்து முதல் பிடிச் சோற்றை எடுத்து எனக்குத்தான் ஊட்டுவாள்.