முகராமல் வாங்கிய பால்

கண்டிக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது மலையும் இல்லை, மழையும் இல்லை. இங்கே சாமானை முகர்ந்து பார்க்காமலே வாங்குகிறார்கள்! ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் பாளையங்கோட்டையில் கடைக்காரர் வெல்லத்தைக் கிள்ளி, கேட்கும் முன்பே உள்ளங்கையில் வைப்பார். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே பெரிய கடைகளில் எல்லாம் டின்னுக்குள் இருக்கிறது. வெளியே கொழுத்த பசுவின் படம். உள்ளே இருப்பது அந்தப் பசுவுக்கே வெளிச்சம்.

என் மகள் ரோஸ் அப்போது கைக்குழந்தை. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டதால் டின் பால்தான் அவளுக்கு உயிர். கணவர் வாங்கி வந்த டின்னை ஒருநாள் காலையில் திறந்தால் பழுப்பாகக் கட்டிகட்டியாகக் கிடந்தது, குமட்டும் நாற்றம். பசியில் வீறிட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். டை கட்டிய சிங்கள விற்பனையாளர் டின்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தொறந்த டின் திருப்பி எடுக்க ஏலாது. நீங்க வீட்டில வச்சுப் பழுதாக்கினது."

உடம்பெல்லாம் பற்றியெரிந்தது எனக்கு. மூடியிருந்தால் கெட்டது தெரியாது, திறந்தால் திருப்ப முடியாது. நல்ல நியாயம்!

"வேற குடுங்க. ஆனா இங்கயே தொறந்து ருசி பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்றேன்.

ஓசியில் குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். "இது தேத்தண்ணிக் கடை இல்ல, அம்மா."

பக்கத்தில் அதே பாலை வாங்கிவிட்டு நின்றார் அடுத்த ஊரான கட்டுகஸ்தோட்டையின் ஜவுளிக்கடைக்காரர், அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் 'நானா' என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர். தன் டின்னை மேசையில் வைத்தார். "தங்கச்சி கேக்கிறது ஞாயம்தானே. இது என்ட பேரப்புள்ளைக்கு. தொறங்க, பாப்போம்."

விற்பனையாளர் சிரித்தபடியே மூடியில் கத்தியைக் குத்தினார். புஸ்ஸென்று கெட்ட பால் பீறிட்டு அவர் டையெல்லாம் தெறித்தது. சாமான் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இதையும் நான்தான் வீட்ல வச்சுப் பழுதாக்குனேனா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

கடையில் நின்ற மற்றப் பெண்களும் தங்கள் டின்களை நீட்டத் தொடங்கியதும் முதலாளி உள்ளிருந்து ஓடி வந்தார். அந்த அடுக்கு முழுவதையும் இறக்கச் சொல்லி, புதுப் பெட்டியை உடைத்து, என் கண்முன்னே ஒரு டின்னைத் திறந்தார். முகர்ந்தேன், தொட்டு ருசித்தேன், பிறகே தலையாட்டினேன். வெந்நீரும் கேட்டு வாங்கி, முதலாளியின் கதிரையிலேயே ராணி மாதிரி உட்கார்ந்து பிள்ளைக்குப் புகட்டினேன்.

அதன்பின் அந்த மேசையில் ஒரு கத்தி எப்போதும் இருந்தது. கேட்காமலே டின்னைத் திறந்து காட்டினார்கள். பாளையங்கோட்டையையே கண்டிக்குக் கொண்டுவந்துவிட்ட பெருமை எனக்கு.

சில வருஷம் கழித்து ரோஸை ஊருக்குக் கூட்டிப்போனேன். பழைய கடைக்காரர் வழக்கம்போல் வெல்லம் கிள்ளி எங்கள் இருவருக்கும் நீட்டினார். என் உள்ளங்கை தானாக விரிந்தது. ரோஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொறந்து கெடக்கு அம்மா. எனக்கு டின்ல இருக்கிறதுதான் வேணும்."

"கண்டிக்காரியில்லா பின்ன!" என்று கடைக்காரர் சிரித்தார். அவளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. அவள் பங்கையும் நானே வாயில் போட்டுக்கொண்டேன்.